கருப்பட்டி காய்ச்சும் அக்காவும் தம்பியும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயல்குடியில் இருந்து நரிப்பையூர், கன்னிராஜபுரம் என்று கடலோரமாகவே போனால் பனை நிற்காத நிலம் கண்ணில் படுவது அரிது. "மரம் கெடக்கு, ஏற ஆள் எங்க?" என்பதுதான் இந்தப் பக்கத்துப் பழைய புலம்பல். இப்போது அங்கங்கே சின்ன மாற்றம் தெரிகிறது. வெளிநாட்டு வேலையை விட்டு வந்த தம்பி மரம் ஏறப் பழகுகிறான், ஊரோடு இருக்கும் அக்கா அடுப்பைப் பற்ற வைக்கிறாள். முன்பெல்லாம் கணவன் ஏறுவான், மனைவி காய்ச்சுவாள். அந்த இடத்துக்கு இப்போது உடன்பிறந்தவர்கள் வந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முதல் மாதத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. கருப்பட்டி உறையவில்லை, கையில் ஒட்டுகிறது, கறுத்துப் போகிறது. "நீ கொண்டாந்த பதநீ சரியில்லடா" என்பாள் அக்கா. "ஒனக்குப் பதம் பாக்கத் தெரியலக்கா" என்பான் தம்பி.

பெரும்பாலும் அக்கா சொல்வதே சரி. நானும் அடுப்படி ஆள் என்பதால் கட்சி கட்டுவதாக நினைக்க வேண்டாம். மரத்தில் நடந்த தவறை அடுப்பில் திருத்த வழி கிடையாது, அதனால் சொல்கிறேன்.

பதநீரில் 100-க்கு 12 முதல் 14 பங்கு வரை சர்க்கரை இருக்கும். அதில் ஏறக்குறைய எல்லாமே சுக்ரோஸ், கரும்பில் இருக்கும் அதே வகை. பனையின் பூம்பாளையில் இருந்து சொட்டும்போதே காற்றில் திரியும் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் சேர்ந்துவிடும். சில மணி நேரத்தில் அவை சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும், அப்புறம் அதை ஆல்கஹாலாகவும் புளிப்பாகவும் மாற்றும். உடைந்த சர்க்கரை லேசில் மணி கட்டாது, அதாவது படிகமாக உறையாது. காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கருப்பட்டி உறையாமல் பிசுபிசுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இங்கிலாந்தில் சொந்தக் குடிக்காக வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை. அங்கே அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஸ்ட்ராங் ஏல் என்கிற வீரியமான பீர் போட்டால், ஈஸ்டைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குச் சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். நமக்கு அதே ஈஸ்டு வேண்டாத விருந்தாளி, அதை விரட்டத்தான் பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இல்லாமல் இறக்கினால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் விஷயம் ருசியோடு நிற்காமல் போலீஸ் வரைக்கும் போய்விடும். பீர் போடுகிறவரும் பதநீர் இறக்குகிறவரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. இருவருக்குமே பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும்.

சுண்ணாம்பு யார் வேலை?

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து செய்யும் தொழிலில் முதல் ஓட்டை இங்கேதான் விழுகிறது. கலயத்தைக் கழுவி வைப்பது அக்கா, மேலே கொண்டுபோய்க் கட்டுவது தம்பி. சுண்ணாம்பை அக்கா பூசியிருப்பாள் என்று தம்பி நினைப்பான், மேலே போய்ப் பூசிக்கொள்வான் என்று அக்கா விட்டுவிடுவாள். அன்றைக்கு ஒரு கலயம் பொங்கிக்கொண்டு இறங்கும். யார் பூசுவது என்பதை ஒருமுறை பேசி முடித்துவிடுங்கள். ஏறுகிறவரே பூசுவது நல்லது, ஏனென்றால் எந்த மரம் எவ்வளவு சுரக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். நிறைய சுரக்கும் மரத்துக்கும் அரைக் கலயம் தரும் மரத்துக்கும் ஒரே அளவு பூசினால் ஒன்றில் குறையும், மற்றதில் மிஞ்சும்.

பயத்தில் அள்ளிப் பூசுவது அடுத்த தவறு. சுண்ணாம்பு மிஞ்சினால் கருப்பட்டி கறுக்கும், நாக்கில் ஒரு காரலும் சாம்பல் ருசியும் நிற்கும். கறுப்பாக இருந்தால்தான் அசல் கருப்பட்டி என்று வாங்குகிறவர்களில் சிலர் நம்புகிறார்கள். அந்தக் கறுப்பில் பாதி சுண்ணாம்பாலும் தீய்ந்ததாலும் வந்ததாக இருக்கும். கலயத்தின் உட்புறம் மெல்லிய பூச்சாகப் பரவினால் போதும். கடற்கரையில் கிடைக்கும் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு நன்றாக இருக்கும். வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பில் நீலமோ பசையோ கலந்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எவ்வளவு சரி என்று தெரிந்துகொள்ள, புளிப்பா காரமா என்று நிறத்தில் காட்டும் பி.எச் தாள் வாங்கலாம். நான் மஞ்சளை வைத்துப் பார்க்கிறேன். வெள்ளைத் தாளில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவிக் காய வைத்துக்கொண்டால், அதில் ஒரு சொட்டுப் பதநீர் விடும்போது சிவக்கும். சிவந்தால் சுண்ணாம்புக் காரம் இன்னும் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் ஒன்று சுண்ணாம்பு போதவில்லை, அல்லது புளிப்பு தொடங்கிவிட்டது. மூக்கும் நாக்கும் இதைவிடச் சீக்கிரம் சொல்லும், ஆனால் தம்பியோடு வாக்குவாதம் வந்தால் தாள்தான் உதவும்.

கலயத்தில் பதுங்கும் நேற்றைய ஈஸ்டு

மண்கலயத்தின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் நேற்றைய பதநீரும் அதில் வளர்ந்த ஈஸ்டும் அந்தத் துளைக்குள்ளேயே இருக்கும். இன்று சொட்டுகிற பதநீருக்கு அதுவே உறைமோர். கலயத்தை வெந்நீரில் கழுவி, நல்ல வெயிலில் உள்வாய் காயும்படி வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஓலைப் புகை காட்டினால் இன்னும் நல்லது. இரண்டு செட் கலயம் வைத்துக்கொண்டால் ஒன்று மரத்தில் இருக்கும்போது மற்றது காயும். ஒரே செட்டை வைத்து ஓட்டுகிறவர்கள் ஈரக் கலயத்தையே மேலே ஏற்றிவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் குடம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உடையாது, கழுவச் சுலபம், அதெல்லாம் உண்மை. ஆனால் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்துவிட்டால் அதுவும் மண்கலயத்தின் கதைதான். அலுமினியப் பாத்திரத்தில் பதநீரை வெகுநேரம் விட்டு வைக்காதீர்கள், சுண்ணாம்புக் காரம் அலுமினியத்தை அரிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றுவது

எனக்கு ரொம்பக் கோபம் வரும் தவறு இது. ஏறி இறங்கிக் களைத்த தம்பி எல்லாக் கலயத்தையும் மரத்தடியிலேயே ஒரே கேனில் கவிழ்த்துக் கொண்டுவருவான். அதில் ஒரு கலயம் புளித்திருந்தால் மொத்தமும் போச்சு. காய்ச்சினால் ஈஸ்டு செத்துவிடும், ஆனால் அது ஏற்கெனவே உடைத்துப் போட்ட சர்க்கரை அடுப்பில் மறுபடி ஒட்டிக்கொள்ளாது. புளிப்பும் அடுப்புச் சூடும் சேர்ந்தால் மீதி சுக்ரோஸும் இன்னும் வேகமாக உடையும்.

ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு கலயத்தையும் மோந்து பார்க்க வேண்டும். மேலே நுரை கட்டியிருந்தாலோ, மூக்கில் சுருக்கென்று ஏறினாலோ, வெள்ளையாகக் கலங்கியிருந்தாலோ அதைத் தனியாக வையுங்கள். கலயத்தில் கரியால் மரத்துக்கு ஒரு குறி போட்டுவிட்டால், எந்த மரம் அடிக்கடி தகராறு செய்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாளையின் வெட்டுவாய் அழுகியிருக்கலாம், வண்டு அரித்திருக்கலாம், கலயத்தில் விரிசல் இருக்கலாம். குறி இல்லாவிட்டால் பழி எப்போதும் ஆள்மேல்தான் விழும்.

சீவாமல் விட்ட நாள்

பாளையைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். பங்குனி உத்திரம், சொந்தக்காரர் கல்யாணம் என்று ஏறுகிறவர் இரண்டு நாள் போய்விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு நின்றுவிடும். பழையபடி வர நாள் பிடிக்கும், சில பாளை வராமலே போகும். மாற்று ஆள் இல்லாமல் சீசன் நடுவில் ஊருக்குப் போகக் கூடாது. இதில் அக்காக்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது, இன்னும் பெண்கள் ஏறுவது குறைவு. விட்ட நாளைச் சரிக்கட்ட மறுநாள் தடிமனாகச் சீவுவது அதைவிட மோசம். பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் பலன்.

பாளையை இடுக்கி நசுக்கும் கருவிக்குக் கடிப்பு என்று பெயர். ஆண்பனைப் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைக்கு வேறு கடிப்பு. ஒன்றை வைத்தே இரண்டையும் நசுக்கப் பார்ப்பது புதிதாக ஏறுகிறவர்களிடம் இருக்கும் பழக்கம். ஏறுவதையும் இடுக்குவதையும் ஒரு மூத்த பனையேறியிடம் நேரில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். படித்து வராது.

இனி அடுப்பு

காலையில் இறக்கிய பதநீர் வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் இருக்க வேண்டும். இரட்டையாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்ச நேரம் தெளிய வைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டியை விட்டுவிட்டு மேலாக ஊற்றுங்கள். வீணாகிறதே என்று மண்டியையும் சேர்த்துக் கவிழ்ப்பது அற்ப லாபம். மொத்தத்தையும் அன்றே காய்ச்ச முடியாவிட்டால் பதநீராக ராத்திரிக்கு வைக்காதீர்கள். கூழ்ப்பதத்துக்கு வற்ற வைத்துவிட்டால் சர்க்கரை அடர்த்தியில் ஈஸ்டு வளராது. மறுநாள் அதைத் தொடரலாம்.

ஏறக்குறைய 8 லிட்டர் பதநீர் வற்றினால் 1 கிலோ கருப்பட்டி. அதாவது 7 லிட்டர் தண்ணீரை ஆவியாக்குகிறோம், விறகு அதற்கேற்பச் செலவாகும். ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த மரத்தைத் திட்டிக்கொண்டே அதில்தான் அடுப்பெரிக்கிறோம். முதல் பாதிக்குக் கருவேலங்கட்டை நன்றாக நின்று எரியும். அதே தீயைக் கடைசி வரைக்கும் விட்டால் அடிபிடித்துவிடும். நுரை பெரிதாகப் பொங்கும்போது இடித்த ஆமணக்கு விதை கொஞ்சமோ, ஒரு சொட்டு விளக்கெண்ணெயோ விட்டால் அடங்கும். பொங்கலை அடக்கப் பச்சைப் பதநீரை ஊற்றுகிறவர்கள் உண்டு, அது காய்ச்சியதைப் பின்னுக்கு இழுக்கிற வேலை. குமிழ் சின்னதாகி, நிறம் தேன்போல மாறியதும் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டு ஓலை, மட்டைத் தீக்கு வந்துவிடுங்கள். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று வீசும் நாளில் மறைப்பு இல்லாத அடுப்பில் ஒரு பக்கம் தீயும், மறுபக்கம் வேகாது.

பதம் பார்க்க ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுவது எல்லாருக்கும் தெரியும். கரைந்தால் ஆகவில்லை. விரலில் உருண்டு, உருண்டை லேசாக இறுகினால் இறக்கலாம். வெப்பமானி வைத்திருந்தால் 115 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடங்களில் சூடு சடசடவென்று ஏறும், அதனால் அந்த நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. "இன்னும் கொஞ்சம்", "போதும் எறக்கு" என்று இரண்டு பேரும் கட்டளை போடும் வீட்டில் கருப்பட்டி ஒருநாள் இளம்பதம், மறுநாள் கரி. துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே பதம். மற்றவர் சிரட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தயாராக வைக்கட்டும். காய்ந்த சிரட்டையில் ஊற்றினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இறக்கியவுடன் ஊற்றுவதும் தவறு. காய்ச்சிய தாச்சியின் (வாயகன்ற பாத்திரத்தின்) ஓரத்தில் துடுப்பால் தேய்த்துத் தேய்த்துக் கிண்ட வேண்டும், அப்போதுதான் மணி பிடிக்கும். பளபளப்பு மங்கி, கிண்டும் கை கனக்கும்போது சுறுசுறுப்பாக ஊற்றுங்கள். அரை நிமிடம் அசந்தால் தாச்சியிலேயே இறுகிவிடும்.

உறையாவிட்டால் என்ன செய்வது? இளம்பதத்தில் இறக்கியதுதான் காரணம் என்றால் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சலாம். பதநீர் புளித்ததுதான் காரணம் என்றால் எத்தனை முறை காய்ச்சினாலும் கறுக்குமே தவிர உறையாது. பாகாகவே வைத்துப் பணியாரத்துக்கும் கொழுக்கட்டைக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சீனியைக் கொட்டினால் உறையும், அது உண்மைதான். சந்தையில் பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. சீனி போட்டதைக் கருப்பட்டி என்று விற்பது கலப்படம். தவறைச் சரிசெய்ததாக ஆகாது.

பனங்கற்கண்டு ஆசை முதல் சீசனில் வேண்டாம். அதற்குப் பதநீர் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும், பாகை வாரக்கணக்கில் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். விளைந்திருக்கிறதா என்று தினமும் திறந்து பார்க்கும் தம்பி இருக்கும் வீட்டில் அது நடக்காது.

கடைசியாக, வைக்கும் இடம். கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். சிமெண்டுத் தரையில் அடுக்கிய கருப்பட்டி அடியில் கசியும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டிக்குள் வைத்தது புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது என்பதால்தான். பரண் இல்லாதவர்கள் நன்றாக ஆறிய பிறகு காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். சூடு ஆறுவதற்குள் மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்ததைத் திறந்து வைத்தாலும் அப்படியே வியர்க்கும். கசிந்த கருப்பட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, பூஞ்சை இல்லாமல் இருந்தால் கரைத்து வடிகட்டிக் காப்பிக்கு வைத்துக்கொள்ளலாம்.