தோட்டப்புறப் பட்டணத்தில் கலைக் கூட்டாளிகளைச் சேர்ப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட், பாகான் செராய், லாபிஸ் மாதிரியான பட்டணங்களில் கோலம் போடுகிறவர்களுக்கும் மாலை கட்டுகிறவர்களுக்கும் உறுமி அடிக்கிறவர்களுக்கும் கதை எழுதுகிறவர்களுக்கும் பஞ்சமே கிடையாது. ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வாழ்ந்த காலத்தில் யார் வாசலில் என்ன கோலம் என்பது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும்போதே கண்ணில் பட்டுவிடும். இப்போதைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் வெளியே தெரிவது கேட்டும் காரும்தான். கைத்திறன் வெளிச்சத்துக்கு வருவது கோயில் திருவிழா, தீபாவளி, பள்ளி நிகழ்ச்சி என்று ஆண்டுக்கு மூன்று நான்கு நாள். அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

திருவிழா அன்றைக்கே போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். அன்று யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. மறுநாள் காலையில் போங்கள். தோரணம் அவிழ்ப்பவர்கள், ரதத்திலிருந்து பூச்சரத்தை இறக்குபவர்கள், காவடியைப் பிரித்து மயிலிறகைத் துணியில் சுற்றி வைப்பவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் அதைச் செய்தவர்களும்கூட. களைப்பாக இருப்பார்கள், ஆனால் அவசரம் இருக்காது. இறக்குவதற்கு ஒரு கை கொடுத்துக்கொண்டே பேசினால் பேச்சு தானாக வரும்.

அடுத்தது, சாமான் விற்கிற இடம். வண்ணத்தாள், பசை, தூரிகை விற்கிற புத்தகக் கடைக்காரருக்கு அடிக்கடி வாங்குவது யார் என்று தெரியும். ஆரி வேலைக்கு நூல் எடுப்பது யார் என்று தையற்கடை அக்காவுக்குத் தெரியும். அவர்களிடம் ஆளின் தொலைபேசி எண்ணைக் கேட்காதீர்கள். கொடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. உங்கள் பெயரையும் எண்ணையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, "அவங்க வந்தா இதைக் கொடுத்திடுங்க" என்று வைத்துவிட்டு வாருங்கள். எழுதுகிறவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் தமிழ் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பைப் பாருங்கள். கவிதைக்குக் கீழே பெயரோடு ஊரும் போட்டிருக்கும். உங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டால், தமிழ்ப்பள்ளியில் விசாரித்தாலே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

பேச ஆரம்பிக்கிற விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "நல்லா இருக்குக்கா" என்றால் "நன்றிம்மா" என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வேலையில் ஓர் இடத்தைத் தொட்டுக் கேட்க வேண்டும். வண்ண அரிசிக் கோலம் என்றால் இப்படி: "அக்கா, இந்தத் தாமரை இதழ் ஓரத்துல சிவப்பு ரோஸ் கலரோட கலக்காம எப்படிப் பிரிச்சு நிக்குது?" இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கும் அரிசி தூவிப் பழக்கம் உண்டு என்பது அக்காவுக்கு உடனே புரிந்துவிடும். பதிலுக்கு அவரே, "நீ எதுல போடுவே, மாவா அரிசியா?" என்பார். கல்யாணமாகாத பெண்பிள்ளையை அழைப்பதென்றால் முதலில் அவள் அம்மாவிடம் பேசுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு, யார் யார் வருவார்கள், திரும்ப யார் கொண்டுவந்து விடுவார்கள் என்ற நான்கையும் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

நேரமும் இடமும்

பாதிக் குழுக்கள் நேரத்தில்தான் உடைகின்றன. தோட்ட வேலைக்குப் போகிறவர் விடியலுக்கு முன்பே எழுந்தவர். பிற்பகலில் அவருக்குத் தூக்கம் வேண்டும். தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு என்றால் அவருக்கு எந்த வாரம் எந்த நாள் ஓய்வு என்பதே மாறிக்கொண்டிருக்கும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். செம்மண் பாதையில் மோட்டாரில் வருகிறவர் அந்த மழையில் கிளம்பமாட்டார். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் விடுமுறை நாள் காலை 9.30 முதல் 11.30 வரை என்பதுதான் நிற்கும். கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் அந்த நாள் வெள்ளியோ சனியோ, ஏனென்றால் கெடாவில் ஞாயிறு பள்ளி நாள். ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது; பழைய வெள்ளிக்கிழமைப் பழக்கத்தில் நாள் குறித்துவிடாதீர்கள். வாரா வாரம் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஷிப்டுக்காரருக்கும் மாதத்தில் ஒரு தடவையாவது வாய்க்கும்.

வீட்டில் கூடினால் மூன்றாவது கூட்டத்தில் ஒரு நோய் தொற்றும். முதல் வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும், இரண்டாவது வீட்டில் மீகூன் (அரிசிச் சேமியா), மூன்றாவது வீட்டில் கோழிக் கறியோடு சாப்பாடு. நான்காவது ஆள், "இந்த வாரம் வீட்டுல கொஞ்சம் வேலை" என்று நழுவிவிடுவார். தேநீர், ஒரு வகைக் குவே (மலாய்ப் பலகாரம்), அதற்கு மேல் கிடையாது என்று முதல் நாளே எல்லாரும் பேசி முடித்துவிடுங்கள். பொது இடம் இதைவிட நல்லது. தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பறை வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், வருகிறவர்கள் பெயர், பூட்டிச் சாவி ஒப்படைக்கும் ஒருவர், கூட்டித் துடைத்துக் கொடுப்போம் என்ற உறுதி, இவை ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் துணை நின்றால் வேலை சுலபம். கோயில் மண்டபமும் கிடைக்கும். நிர்வாகத்தில் இரண்டு அணி இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஓர் அணியின் மண்டபத்தில் உட்கார்ந்தால் மறு அணிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

நான்கிலிருந்து ஆறு பேர் சரியான அளவு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தொடங்கவே தொடங்காதீர்கள். பதவி வந்தால் கைவேலை போய்விடும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் ஏழு பேரோ அதற்கு மேலோ கொண்ட அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது. பெயர், சந்தா, உறுப்பினர் பட்டியல் என்று வளர்ந்தால் பதிவைப் பற்றி யோசியுங்கள், அல்லது ஏற்கெனவே பதிவான ஓர் அமைப்பின் கீழ்ப் போய்விடுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு ஒரே விதி போதும்: கையால் செய்ததன் படம் மட்டும். காலை வணக்கப் படங்கள் வர ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் சத்தத்தை அடைத்துவிடுவார்கள், கூட்டத் தேதியும் அதோடு போய்விடும்.

சேர்ந்து செய்ய ஒரு வேலை: அரிசிக் கோலம்

முகம் தெரியாதவர்களை உட்காரவைத்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் கூச்சம்தான் மிஞ்சும். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். முதல் கூட்டத்தில் சாக்குக்கட்டியால் சிமெண்டுத் தரையில் ஊடுபுள்ளி, அதாவது ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே வருவது: 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. ஒரே புள்ளியில் ஆளுக்கொரு கோலம் இழுத்துப் பாருங்கள். அவரவர் கை எப்படிப் போகிறது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, மூன்றாவது கூட்டத்துக்கு வண்ண அரிசி. குறுக்களவு 5 அடி வையுங்கள். சுற்றி எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நடுவுக்குக் கை எட்டும். அதைத் தாண்டினால் நடுவில் சிதறியதைத் திருத்த வழியில்லை. அரிசியை 3 மில்லிமீட்டர் கனத்தில் பரப்பினால் நாலரை கிலோ பிடிக்கும், 5 கிலோவாக வாங்குங்கள். விலை குறைந்த அரிசியே போதும்.

அரிசியைக் கழுவாதீர்கள், கழுவினால் தண்ணீர் இழுத்து உப்பி, காய்ந்ததும் உடையும். ஒரு கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி உணவுச் சாயப்பொடி, 2 மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்தது. தடித்த பிளாஸ்டிக் பையில் அரிசியோடு ஊற்றி, வாயை முறுக்கிப் பிடித்து, எல்லா மணியிலும் நிறம் ஏறும்வரை பிசையுங்கள். நிறம் பத்தவில்லை என்றால் பொடியைக் கூட்டுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். தண்ணீர் அதிகமானால் மாவு கரைந்து மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். நாளிதழில் பரப்பிக் காயவிடுங்கள். விரலில் தேய்த்தால் சாயம் ஒட்டாத வரைக்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் மஞ்சளும் நீலமும் சேருமிடத்தில் பச்சைக் கோடு விழும்.

ஐந்து பேருக்கு வேலையைப் பிரிப்பது சுலபம். ஒருவர் சாக்குக்கட்டியால் வரைதல், இருவர் தூவல், ஒருவர் பழைய அட்டையால் மட்டம் தட்டி ஓரம் நேராக்குதல், ஒருவர் நிறம் எடுத்துக் கொடுத்துச் சிதறியதைப் பொறுக்குதல். நடுவிலிருந்து வெளியே வாருங்கள். மின்விசிறியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். இல்லையென்றால் நன்றாகத் தூவுகிறவரே தூவிக்கொண்டிருப்பார், பொறுக்குகிறவர் அடுத்த முறை வரமாட்டார். குறை சொல்ல நேர்ந்தால் ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லுங்கள்: "இந்த இதழ் கொஞ்சம் அகலமாயிடுச்சு, ஓரத்தை உள்ள தள்ளிடலாமா?"

எழுதுகிறவர்களுக்கும் இதே முறைதான்: ஆளுக்கு இரண்டு பக்கம், சத்தமாக வாசிப்பு. உறுமி, தப்பு மேளம் என்றால் அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரவு 9 மணிக்கு முன் முடித்துவிடுங்கள்.

ஆறு பேரில் ஒருவராவது வேலைக்காகக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போவார். அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு வருவார், அந்த ஆண்டின் பெரிய கோலத்தை அவர் ஊரில் இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலம் முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு, அரிசியை அள்ளுவதற்கு முன் அடுத்த தேதியை எல்லாரும் நிற்கும்போதே பேசி முடியுங்கள். வீட்டுக்குப் போய்ப் புலனத்தில் கேட்டால் பதில் வராது. நடுவில் கலந்துபோன அரிசியை ஒரு டப்பாவிலும் கலக்காததை நிறம் பிரித்து வேறு டப்பாக்களிலும் இறுக மூடுங்கள். உள்ளே காற்றுப் போனால் வண்டு விழும். கலந்த அரிசி அடுத்த கோலத்தின் வெளி ஓரத்துக்கு ஆகும். டப்பாக்கள் யார் வீட்டுக்குப் போகின்றன என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.