சத்தம் கூடினால் சக்தி கூடிவிடாது

போன மாதம் ஒரு தம்பி தன் மைவி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, மூடி இல்லாத ஓப்பன் ஃபில்டர் மாட்டி ஒரு வருடம் ஆகிறதாம். "அண்ணே, முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது, இன்ஜின் எண்ணெயும் குடிக்குது" என்றார். ஃபில்டரைக் கழற்றி, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தேன். விரல் நுனி முழுக்கச் செம்மண். சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சாலையில், லாரி கிளப்பும் புழுதிக்குள்ளேயே தினமும் வேலைக்குப் போய்வருகிற கார் அது.

ஃபில்டரை இறுக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகப் போன மண், பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உப்புத்தாள் போலத் தேய்க்கும். தேய்ந்ததைச் சரிசெய்ய இன்ஜினையே பிரிக்க வேண்டும். தோட்டப்பக்கம் ஓடும் காருக்கு நல்ல பேப்பர் ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதே போதும் என்பேன்.

இரண்டாவது, வெப்பம். கம்பெனி பெட்டி பெரும்பாலும் முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை இழுக்கும்படி அமைந்திருக்கும். திறந்த ஃபில்டரோ பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. வெளியே 33 டிகிரி, உள்ளே 63 டிகிரி என்று வையுங்கள்: அதே அளவு காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 9 சதவிகிதம் குறைந்துவிடும். காசு கொடுத்துச் சக்தியைக் குறைத்துக்கொள்கிறோம். குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைப் பம்பருக்கு அடியில் இறக்குகிறவர்கள் மழைக்காலத்தை நினைக்க வேண்டும். தேங்கிய தண்ணீரை ஒரு தடவை உறிஞ்சினால் போதும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். எண்ணெய் தடவும் துணி ஃபில்டரில் எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றுவதும் கூடாது. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள காரில் அது சென்சர் கம்பியில் படிந்து, கணக்கையே கெடுத்துவிடும்.

எக்ஸாஸ்டுக்கு, அதாவது புகைக்குழாய்க்கு வருவோம். "பெரிய பைப் போட்டா பறக்கும்" என்பது இங்கே நிறையக் காதில் விழும். 1.3 லிட்டர் இன்ஜினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் எதற்கு? வேகமாக ஓடும் புகை தன் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் அகலமானால் அந்த ஓட்டம் தளர்ந்து இழுவை போய்விடும். குறைந்த சுழற்சியில் இன்ஜின் சோர்ந்துவிடும். ஏர்கான் போட்டு, நாலு பேரை ஏற்றி மேட்டில் ஏறும்போது நமக்கு வேண்டியதே அந்தச் சுழற்சியில் வரும் சக்தி.

புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எடுக்காதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சர் கண்டுபிடித்து செக் இன்ஜின் விளக்கை ஏற்றிவிடும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) நிறுத்தினால் சம்மன். போகும் வழியெல்லாம் பிள்ளைகள் மூச்சில் நச்சுப் புகை.

புகைக்குழாயில் பற்றவைத்த இணைப்புகளையும் பாருங்கள். கன்வெர்ட்டருக்கு முன்பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வரும். பெட்ரோல் போதவில்லை என்று கணினி எண்ணி, கூடுதலாக ஊற்றும். அடியில் கசிகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஈப்போ வரை குடும்பத்தோடு போகிற காரில் இது உயிர் விஷயம்.

அந்தத் தம்பியின் காரில் த்ராட்டிலைச் சுத்தம் செய்து, கம்பெனி பெட்டியைத் திரும்ப மாட்டலாம் என்றேன். அதை எப்போதோ விற்றுவிட்டாராம். பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் தேடி, ஒரு விரிசல் விட்ட பெட்டிதான் கிடைத்தது.