உப்பளத்துக்குப் பத்து மணிக்குப் போகாதீர்கள்

தூத்துக்குடி உப்பளத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் பலர் காலை டிபனை முடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதற்குள் அங்கே பாதி நாள் வேலை முடிந்திருக்கும். வெயில் ஏறி வெள்ளைத் தரை கண்ணைக் குத்துவதற்கு முன்னால் முடிந்தவரை முடித்துவிட வேண்டும் என்று, விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். சரி, சாயங்கால வெளிச்சத்தில் எடுக்கலாம் என்று போனால் படம் அழகாக வரும். ஆள் இருக்க மாட்டார்கள்.

நேரத்தைப் போலவே மாதத்திலும் தவறுகிறோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உற்பத்தி நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பித்ததே சில ஆண்டுகளுக்கு முன்புதான். உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கை என்ற பெயரில் வரும் தொகுப்புகளில் தண்ணீர் தேங்கிய பாத்தியையோ, வேலையில்லாமல் வீட்டுத் திண்ணையில் கழியும் நவம்பரையோ நான் பார்த்தது மிகக் குறைவு. கடன் வளர்வது அப்போதுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பார்க்கும். கண்ணுக்கெட்டியவரை வெள்ளையாகக் கிடக்கும் இடத்தில் அதை நம்பினால் உப்பு அழுக்காகத் தெரியும், முகம் கரியாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது கூட்டுங்கள், அதாவது கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குங்கள். உப்பு வெளிறினால் வெளிறட்டும். முகம்தான் தெரிய வேண்டும்.

இனி நான் செய்த தவறு. ஒரு அக்காவின் படத்துக்கு அடியில் ‘உப்பு வாரும் பெண்’ என்று எழுதியிருந்தேன். அடுத்த முறை போனபோது படத்தைக் காட்டிப் படித்தும் காண்பித்தேன். சிரித்துவிட்டார். “நான் சொமக்கேன் தம்பி. வாருறது அவுக.” நீண்ட கம்பில் பலகை பொருத்தி உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்ப்பது ஒரு வேலை. அதைச் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி அம்பாரத்தில் கொட்டுவது இன்னொரு வேலை. ஆளும் வேறு, கூலியும் வேறு. நான் ஒரே வினைச்சொல்லில் இரண்டையும் குழப்பியிருந்தேன். கருவிக்கும் வேலைக்கும் அவர்கள் சொல்லும் பெயரை அங்கேயே, அவர்கள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் நமக்குத் தெரிந்த சொல்தான் வரும்.

குறிப்பு எடுக்காததன் விலையை உலகமே பார்த்திருக்கிறது. 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்கே எடுத்த தாயின் படம் நம்மில் பலருக்குத் தெரியும். லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியே வந்தது. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று லாங்கே எழுதியதை அந்தக் குடும்பம் மறுத்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தமும் தாம்சனுக்கு இருந்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே இது நேர்ந்திருக்கிறது.

கூலி எவ்வளவு என்று கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது கேட்காதீர்கள். பதில் அவருக்கான பதிலாகத்தான் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள், முன்பணம் பிடித்தது போகக் கைக்கு வந்தது எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். நிறைசட்டி தலையில் இருக்கும்போது “அப்படியே நில்லுங்க” என்பதும், “இன்னொரு தடவை கொட்டுங்கம்மா” என்பதும் கூடவே கூடாது. தவறவிட்ட படத்துக்காக வருந்த வேண்டாம், அடுத்த நடையில் அவரே வருவார்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் ரசித்து எடுத்த படத்தை அவர்கள் சுவரில் மாட்டுவதில்லை. வியர்வையும் தலைச் சும்மாடுமாக இருக்கும் தன்னை வீட்டுக்கு வருகிறவர்கள் ஏன் பார்க்க வேண்டும்? அதே அக்கா என்னிடம் கேட்டது, நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பேரனை மடியில் வைத்தபடி நேராகப் பார்க்கும் ஒரு படம். இப்போதெல்லாம் அந்தப் படத்தைத்தான் முதலில் எடுக்கிறேன்.