லண்டன் அடுப்பில் நாசி லெமாக்

நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பால் சோறும் எண்ணெயில் வதக்கிய மிளகாய்ச் சம்பாலும் சேர்ந்த மலேசியச் சாப்பாடு. அம்மா வாட்ஸ்அப்பில் சொல்லித்தரும் அதன் செய்முறையில் பிழை எதுவும் இருக்காது. அதையே லண்டன் வாடகை வீட்டுக் குசினியில் அப்படியே செய்து பார்த்தால் சோறு அடிப்பிடிக்கும், சம்பால் கசக்கும், நடுவில் புகை அலாரம் வேறு கத்தும். கைப்பக்குவத்தின் மேல் பழி போட வேண்டாம். இங்கே கிடைக்கிற மிளகாய் வேறு, டின்னில் வரும் தேங்காய்ப்பால் வேறு, மின்சார அடுப்பு சூடாகிற விதமும் ஆறுகிற விதமும் வேறு. இதற்கெல்லாம் ஏற்ப அளவையும் வரிசையையும் மாற்றிவிட்டால், ஈப்போவிலோ கிள்ளானிலோ காலையில் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்ட ருசிக்கு வெகு பக்கத்தில் வந்துவிடலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே காலையில் முடிக்கப் பார்க்க வேண்டாம். சனிக்கிழமை சம்பால், ஞாயிற்றுக்கிழமை சோறு. ஓர் இரவு கிடந்தால் சம்பாலுக்கு ருசி கூடும். அதில் போடும் பெலாச்சான் என்ற இறால் விழுதின் வாடையும் ஒரே நாளோடு போய்விடும். கீழே வரும் அளவுகள் நான்கு பேருக்கு. தனியாக இருப்பவர் சோற்றை மட்டும் கால் பங்காக்கினால் போதும். சம்பாலைக் குறைத்துச் செய்தால் அது சட்டியில் மெல்லியதாகப் பரவி, எண்ணெய் பிரிவதற்கு முன்பே கருகிவிடும்.

கடையில் என்ன கேட்பது

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி பக்கமெல்லாம் இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன. சீனக் கடைகளைத் தேடிப் போவதற்கு முன் இங்கே போய்ப் பாருங்கள். பேர் மட்டும் மாறும். சோற்றுக்கு மணம் தரும் இலையைப் பாண்டான் இலை என்று கேட்டால் சிலர் விழிப்பார்கள். ‘இரம்பை’ என்று கேளுங்கள், உறைந்த பொட்டலம் கைக்கு வரும். உறையவைத்த இலையில் வாசம் குறைவு, அதனால் ஊரில் இரண்டு இலை போடும் இடத்தில் நான்கு போடுங்கள். சின்னப் புட்டியில் வரும் பச்சைநிற எசன்ஸ் வேண்டவே வேண்டாம். சோறு கேக் மாதிரி மணக்கும்.

கூலா மெலாக்கா, அதாவது மலேசியத் தென்னங்கருப்பட்டி, கிடைக்காவிட்டால் அதே கடையில் கித்துள் கருப்பட்டி இருக்கும். அதன் லேசான புகை மணம் சம்பாலுக்கு நன்றாகச் சேரும். தாய்லாந்துப் பனைச்சர்க்கரை வெளிறியது. இனிப்பைத் தரும், அந்த மணத்தைத் தராது.

நெத்திலியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நம் ஊர் ஈக்கான் பிலிஸ் உப்பு நீரில் வேகவைத்துக் காயப்போட்டது. பொரித்தால் மொறுமொறு என்று நிற்கும். இங்கே ‘நெத்திலிக் கருவாடு’ என்று கிடைப்பது பெரும்பாலும் தலையோடு, கொஞ்சம் மணலோடு வரும். அதைத்தான் வாங்க நேர்ந்தால் தலையைக் கிள்ளி, நடுவில் பிளந்து, உள்ளே இருக்கும் கறுப்புக் குடலை எடுத்துவிடுங்கள். சம்பாலில் ஒரு கசப்பு மறைந்து கிடந்தால் பாதி நேரம் இந்தக் குடல்தான் காரணம். சோகோ, ஜெரார்ட் தெரு பக்கம் போகிற நாளில் சீனக் கடையில் பிளந்து சுத்தம் செய்த நெத்திலியும் பெலாச்சான் கட்டியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

காய்ந்த மிளகாய் 40 கிராம் வேண்டும். இதில் 30 கிராம் காஷ்மீரி மிளகாயாக இருக்கட்டும், நிறம் அதிலிருந்து வரும். காரத்துக்கு மீதி 10 கிராம் சாதாரண நீட்டு மிளகாய். இலங்கைக் கடை மிளகாயை 40 கிராமும் போட்டால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

தேங்காய்ப்பால் டின்னின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கம் படியுங்கள். தேங்காய்ச் சாறு 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 100 மில்லிக்குக் கொழுப்பு 15 கிராமுக்கு மேல் இருந்தால் நல்ல பால். ‘லைட்’ என்று போட்டிருப்பது அதே பாலில் தண்ணீர் கலந்தது. தண்ணீர் உங்கள் குழாயிலேயே வருகிறது.

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு: மலேசியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பிரிட்டனுக்குள் கொண்டுவரக் கூடாது. ஹரி ராயாப் பெருநாளுக்குக் கட்டிக் கொடுத்த செருண்டிங் (வறுத்து உலர்த்திய இறைச்சித் துருவல்) விமான நிலையத்திலேயே போய்விடும். கறிவேப்பிலைக்கும் தடை உண்டு. பெட்டியில் இடம் இருந்தால் ரைஸ் குக்கரையும் சின்ன பிளெண்டரையும் வையுங்கள். இரண்டு நாட்டிலும் அதே மூன்று முள் பிளக், அதே 230 வோல்ட், அடாப்டர் தேவையில்லை.

சனிக்கிழமை: சம்பால்

முதலில் குசினியைத் தயார் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து, குசினிக் கதவைச் சாத்தி, வாசலில் தொங்கும் கம்பளிக் கோட்டைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் கதவை மூடிவிடுங்கள். கோட்டில் ஏறிய பெலாச்சான் வாடை திங்கட்கிழமை ரயிலிலும் உங்களோடு வரும். அடுப்புக்கு மேல் இருக்கும் காற்றாடியை நம்பாதீர்கள். வாடகை அடுக்குமாடிகளில் பல, புகையை வெளியே தள்ளாமல் ஒரு கரி வடிகட்டி வழியாகத் திருப்பி அறைக்குள்ளேயே விடுபவை. புகை அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை மாட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கழற்ற மறந்த இரவில் தீப்பிடித்தால் எழுப்ப ஆள் இருக்காது. செய்யாதீர்கள்.

மிளகாயைக் கத்தரிக்கோலால் இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, ஒரு வடிகட்டியில் போட்டுக் குலுக்கினால் விதை கொட்டிவிடும். கொதிநீரில் 5 நிமிடம் வேகவிட்டு, அடுப்பை அணைத்து 15 நிமிடம் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பழைய மிளகாயின் கசப்பும் தூசியும் அதில்தான் இருக்கும்.

பெலாச்சான் 10 கிராம், அதாவது பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு. ஊரில் கரண்டியில் வைத்து நெருப்பில் காட்டுவோம். இங்கே அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் பக்கத்துக்கு 2 நிமிடம் வையுங்கள். தாளைப் பிரிக்கும்போது கட்டி உலர்ந்து உதிர்ந்தால் சரி. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற ஆள் என்றால் வாட்டாமலே அரைத்துவிடுங்கள். எண்ணெயில் அரை மணி நேரம் வேகத்தான் போகிறது, கொஞ்சம் புகை மணம் மட்டும் குறையும். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், அந்த வாடை போகவே போகாது.

மிளகாய், பெலாச்சான், 150 கிராம் சின்ன வெங்காயம், 4 பல் பூண்டு, எல்லாவற்றையும் 4 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு அரையுங்கள். பிளெண்டர் சுற்றவில்லை என்று தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமான தப்பு. ஊற்றிய தண்ணீர் முழுவதும் வற்றும்வரை சம்பால் வதங்காது, வேகத்தான் செய்யும். அடுப்புச் சுவரெல்லாம் சிவப்புப் புள்ளி தெறிக்கும்.

குவாலியில் (வாணலியில்) 150 மில்லி எண்ணெய். இந்த அளவைப் பார்த்துப் பயந்து பாதியாக்குகிறவர்களின் சம்பால்தான் பச்சை வாசனையோடு நின்றுவிடுகிறது. எண்ணெய் லேசாகச் சூடானதும் விழுதைப் போட்டு, நடுத்தரத்துக்கும் கீழான சூட்டில் 25 முதல் 30 நிமிடம் கிளறுங்கள். கடிகாரத்தைவிடச் சட்டியைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் விழுது ஆரஞ்சு நிறத்தில் நுரைத்து, ஈரத்தோடு பெரிய குமிழாகப் பொத்துப் பொத்தென்று வெடிக்கும், மூக்கு அரிக்கும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் நுரை அடங்கும். பிறகு சத்தம் மாறும்: குமிழ் சின்னதாகி, மழை ஓய்கிற மாதிரி மெல்லிய சலசலப்புக் கேட்கும். விழுது செங்கல் நிறத்துக்குப் போய், கரண்டியால் ஒதுக்கினால் அந்த இடத்தில் சிவப்பு எண்ணெய் ஓடி வந்து தேங்கும். இதுதான் மலாய்க்காரர்கள் சொல்லும் ‘பெச்சா மிஞ்ஞாக்’. இதற்கு முன்னால் இறக்கிய சம்பால் வயிற்றைக் கலக்கும்.

எண்ணெய் பிரிந்த பிறகுதான் மற்றவை. 40 கிராம் கூலா மெலாக்காவைச் சீவிப் போடுங்கள்; முன்னாலேயே போட்டால் சர்க்கரை அடியில் கருகி மொத்தமும் கசந்துவிடும். 25 கிராம் கட்டிப் புளியை 120 மில்லி வெந்நீரில் கரைத்து வடித்து ஊற்றுங்கள். புட்டியில் வரும் கறுப்புப் புளி விழுது என்றால் ஒரு தேக்கரண்டி போதும், அது பல மடங்கு அடர்த்தி. ஒரு பம்பாய் வெங்காயத்தை வளையமாக நறுக்கிச் சேர்த்து, இன்னும் 10 நிமிடம் வையுங்கள். கடைசியில் பொரித்த நெத்திலியில் (பொரிக்கும் விதம் கீழே) ஒரு கைப்பிடி. உப்பு அதற்கும் பிறகு, சுவைத்துப் பார்த்துத்தான். பெலாச்சானும் நெத்திலியும் ஏற்கனவே உப்பு.

ஆறியதும் ஒரு வாரத்துக்கு வேண்டியதைப் புட்டியில் போட்டு ஐஸ்பெட்டியில் வைத்து, மீதியைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். அந்தத் தட்டு இனி சம்பாலுக்கு மட்டும்தான். சிவப்பு போகாது.

நெத்திலி 80 கிராம், தோலோடு வேர்க்கடலை 100 கிராம். நெத்திலியைக் குழாயில் ஒரு அலசு அலசி, காகிதத் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ரேடியேட்டர் மேல் காயவைக்கும் யோசனை யாருக்கும் வரும். வீட்டில் மற்றவர்களும் குடியிருந்தால் அதைக் கைவிடுங்கள். நடுத்தரச் சூட்டு எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம் பொரித்து, வெளிர் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் நிறம் ஏறும். கடலையைக் குளிர்ந்த எண்ணெயில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தால் உள்ளும் வெளியும் ஒன்றாக வறுபடும். மொறுமொறுப்புப் போகாமல் இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: சோறு

ஜாஸ்மின் அரிசி 400 கிராம். பாஸ்மதி தனித்தனியாக உதிரும், வாழையிலையில் அழுத்திக் கட்டினால் பிடித்து நிற்காது. தேங்காய்ப்பால் 200 மில்லி, அதாவது அரை டின். குளிர்காலத்தில் டின்னைத் திறந்தால் மேலே வெள்ளைக் கட்டி, கீழே கலங்கல் தண்ணீர் என்று இருக்கும். கெட்டுப்போகவில்லை. தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், இங்கே குசினி அதைவிடக் குளிர். திறப்பதற்கு முன் டின்னை வெந்நீரில் 10 நிமிடம் வைத்துக் குலுக்குங்கள். அப்படிச் செய்யாமல் மேல்கட்டியை மட்டும் அள்ளிப் போட்டால் சோறு எண்ணெய்ப் பிசுக்காகும்.

அரிசியை மூன்று தண்ணீரில் கழுவி நன்றாக வடியுங்கள். அரிசி, 320 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு, மூன்று வில்லை இஞ்சி, முடிச்சுப் போட்ட பாண்டான். பால் இப்போது வேண்டாம். கொதித்ததும் மூடி, சூட்டைக் குறைத்து, மேலே தண்ணீர் மறைந்து சின்னச் சின்னத் துளை தெரியும்வரை, சுமார் 8 நிமிடம். அதன் பிறகு வெதுவெதுப்பான தேங்காய்ப்பாலைச் சுற்றிலும் ஊற்றி, முள்கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை புரட்டி, மூடி, மிகக் குறைந்த சூட்டில் 10 நிமிடம். அணைத்த பிறகும் 10 நிமிடம் திறக்காதீர்கள்.

கண்ணாடி மேல்தள மின்சார அடுப்பில் ஒரு சிக்கல் உண்டு. எரிவாயு மாதிரி அல்ல; 9-லிருந்து 1-க்குத் திருப்பினாலும் தட்டு பல நிமிடம் கனன்றுகொண்டே இருக்கும், அதற்குள் பால் அடிப்பிடித்துவிடும். அதனால் அரிசி கொதிக்கும்போதே பக்கத்து வளையத்தை 1-ல் போட்டு வைத்து, மூடுகிற நேரத்தில் பானையை அங்கே நகர்த்துங்கள். ரைஸ் குக்கரிலும் இதே வரிசைதான். பாலை முதலிலேயே ஊற்றினால் அது அடியில் படிந்து சூடேறி, சோறு வேகும் முன்பே சுவிட்ச் ‘டக்’கென்று மேலே வந்துவிடும்.

வெள்ளரிக்காய், அவித்த முட்டை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாழையிலை இலங்கைக் கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும். உருகியதும் சூடான தட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்தால் மடிக்கும்போது கிழியாது.

ஆபீசுக்கு தாப்பாவ், அதாவது சாப்பாட்டுப் பொட்டலம், கட்டுகிறவர்கள் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும், அடுத்த 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறிய சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி பெருகி ஒரு நச்சை விடும், மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நச்சு சாகாது. ஞாயிறு சோறு திங்கள் மதியத்தோடு சரி. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததும் மெழுகு மாதிரி விறைத்திருக்கும். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கச் சூடாக்குங்கள். சம்பாலையும் நெத்திலியையும் தனி டப்பாவில் எடுத்துப்போய் சூடாக்காமலே மேலே போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பொட்டலத்திலும் சம்பால் ஆறித்தான் இருக்கும், ஆபீஸ் மைக்ரோவேவிலும் வாடை தங்காது.