ஒரு தட்டு மீ கோரெங், வீட்டு அடுப்பில்

பினாங்கில் வளர்ந்த எனக்கு மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) என்றால் மாமாக் கடை, அதாவது இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை மீ கோரெங்தான். வேலை முடிந்து வந்த இரவுகளில் வீட்டிலேயே கிண்டிக்கொள்கிறேன். ஒரு தடவைக்கு ஒரு தட்டு மட்டும். கூடுதலாகப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, மீ வறுபடாமல் அவிந்துபோகும்.

மஞ்சள் மீ 200 கிராம். பாக்கெட்டைப் பிரித்ததும் எண்ணெய்ப் பிசுக்கும் சோடா வாடையும் இருக்கும். கொதிநீரில் அரை நிமிடம் அலசி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துவிடுங்கள்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பூண்டு இரண்டு பல், வேகவைத்த உருளைக்கிழங்கு பாதி, பொரித்த தௌஃபு (சோயாக் கட்டி), ஒரு கைப்பிடி தௌகே (பயறு முளை), ஒரு முட்டை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிறகு தேட நேரம் இருக்காது.

எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பூண்டு, அப்புறம் ஒரு மேசைக்கரண்டி மிளகாய் விழுது. பச்சை வாடை போய் எண்ணெய் பிரியட்டும். உருளை, தௌஃபு, மீ சேர்த்து, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, கறுப்பு சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு சிட்டிகை.

இப்போது கிளறாதீர்கள். இருபது விநாடி சும்மா விடுங்கள். ஈரச் சத்தம் அடங்கி, அடியில் மீ கருஞ்சிவப்பாகி லேசாக ஒட்டும். அந்தக் கருகல் வாசம்தான் கடை ருசி. சுரண்டிப் புரட்டி, ஓரத்தில் முட்டையை உடைத்து ஊற்றிக் கலந்து, கடைசியில் தௌகே. அது மொறுமொறுப்பாகவே இருக்க வேண்டும்.

தட்டில் கொட்டி, சூட்டோடு லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை ஒன்றைப் பிழியுங்கள்.