பழைய லென்ஸ்களைக் கொண்டு நெருங்கிப் படமெடுக்கும் முறை

பழைய லென்ஸின் தூர வளையத்தில் பொறித்திருக்கும் மிகச் சிறிய எண்ணை அதன் கண்ணாடியின் எல்லை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த எண், லென்ஸ் எந்தக் கேமராவுக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கேமராவால் எவ்வளவு நெருக்கம் வரை சரியாகக் குறிபார்க்க முடிந்தது என்பதையே பெரும்பாலும் காட்டுகிறது. ஆகவே ஒரு லென்ஸைக் கையில் எடுத்ததும் அது எந்த வகைக் கேமராவுக்கு உரியது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். நெருங்கிச் செல்வதற்கான வழி அதிலிருந்தே தெரிந்துவிடும்.

தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற அமைப்பைக் கொண்ட கேமராக்களில் பார்க்கும் சாளரம் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. பொருள் அருகில் வர வர இரண்டும் காணும் காட்சி விலகிக்கொண்டே போகும் என்பதால், லைக்காவின் 50 மி.மீ. எல்மார் போன்ற லென்ஸ்கள் 1 மீட்டரோடு நின்றுவிட்டன. இந்தத் தடையைத் தாண்ட எடுக்கப்பட்ட முயற்சிகள் அழகானவை. லைக்காவின் திருகு மவுண்டுக்காக (மவுண்ட் என்பது லென்ஸைக் கேமராவில் பொருத்தும் அமைப்பு) நிக்கான் செய்த 5 செ.மீ. நிக்கார் லென்ஸ்களில், ரேஞ்ச்ஃபைண்டரின் இணைப்பு விட்டுப்போன பின்னும் வளையம் தொடர்ந்து சுழன்று சுமார் 45 செ.மீ. வரை இறங்கியது, அந்தப் பகுதியில் தூரத்தை அளந்துதான் படமெடுக்க வேண்டும். 1956இல் லைக்கா வெளியிட்ட டூவல் ரேஞ்ச் சம்மிக்ரான், சாளரத்தின் முன் பொருத்தும் தனிக் கண்ணாடி இணைப்பின் உதவியால் 88 செ.மீ. முதல் 48 செ.மீ. வரையிலான இரண்டாவது நெருக்க எல்லையைத் தந்தது.

இத்தகைய லென்ஸ்களை இன்றைய மிரர்லெஸ் கேமராவில் பயன்படுத்துபவர்களுக்கு அந்தப் பழைய தடை இல்லை, ஏனெனில் சென்சாரில் விழும் பிம்பத்தையே திரையில் பார்க்கிறோம். ஹெலிகாய்டு (சுழற்றினால் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுக் குழல்) பொருந்திய, லென்ஸைக் கேமராவோடு இணைக்கும் அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். 1 மீட்டரில் நிற்கும் 50 மி.மீ. லென்ஸை அது மேலும் 5 மி.மீ. முன்னே தள்ளினால், ஏறத்தாழ 44 செ.மீ. வரை நெருங்கலாம். என் கணிப்பில், பழைய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் வைத்திருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செலவு இதுதான்.

எஸ்எல்ஆர் கேமராக்களின் கதை வேறு. 1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்த கினே எக்ஸாக்டாவும் அதன் வழிவந்தவையும் லென்ஸின் வழியாகவே காட்சியைக் காட்டியதால், நெருங்கிச் செல்வதற்கு இயந்திர அமைப்பு மட்டுமே தடையாக இருந்தது. 50 மி.மீ. டெஸ்ஸார் 35 செ.மீ. வரையும், ஓரெஸ்டான் 33 செ.மீ. வரையும், ஜெர்மனியின் ஜெனா நகர நிறுவனத்தின் ஃப்ளெக்டகான் 35 மி.மீ. எஃப் 2.4 (எஃப் எண் எவ்வளவு சிறிதோ, ஒளி புகும் திறப்பு அவ்வளவு அகலம்) சுமார் 20 செ.மீ. வரையும் இறங்கியது இந்த விடுதலையால்தான். 1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் மேக்ரோ-கிலார் 40 மி.மீ. லென்ஸ் வந்தது. துணைக்கருவி எதுவும் இல்லாமல், அதன் ஒரு வடிவம் 1:2 அளவையும் (பிம்பம் பொருளில் பாதி) மற்றொரு வடிவம் 1:1 அளவையும் (பிம்பம் பொருளின் அதே அளவு) எட்டின.

அடுத்த ஆண்டு வந்த மைக்ரோ-நிக்கார் 5 செ.மீ. எஃப் 3.5 லென்ஸின் நோக்கம் பூவோ பூச்சியோ அல்ல, மைக்ரோஃபிலிம், அதாவது ஆவணங்களைச் சிறிய ஃபிலிமில் பதிவது. ஜப்பானியர் எழுதும் காஞ்சி எழுத்துகளின் நெருக்கமான கோடுகள் சிறிய ஃபிலிமில் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பதிய வேண்டும் என்ற தேவையே அதை உருவாக்கியது. தொலைவுக் காட்சிக்காகக் கணக்கிடப்பட்ட லென்ஸ் அருகில் வரும்போது, குறிப்பாக அது எஃப் 1.4 போன்ற அகன்ற திறப்புடையதாக இருந்தால், பிம்பம் மென்மையாகி ஓரங்கள் கலங்கும். நிக்கான் 1967இல் தன் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில், ஃபோகஸ் செய்யும்போது கண்ணாடித் தொகுதிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் மாறும் அமைப்பைக் கொண்டுவந்து இந்தக் குறையைக் குறைத்தது. ஆதலால் சாதாரணப் பழைய லென்ஸ்களில் நெருங்கிப் படமெடுக்க எண்ணினால், எஃப் 2.8 அல்லது 3.5இல் தொடங்கும் எளிய லென்ஸையே தேர்ந்தெடுங்கள்; திறப்பை எஃப் 8 வரை சுருக்குங்கள்.

இனிக் கணக்கிற்கு வருவோம். லென்ஸ் முன்னே நகர்ந்த மொத்த தூரத்தைக் குவியத்தூரத்தால் (லென்ஸின் பெயரிலுள்ள மி.மீ. எண்) வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 35 செ.மீ.இல் நிறுத்திய டெஸ்ஸார் ஏற்கெனவே சுமார் 10 மி.மீ. நகர்ந்திருக்கிறது. எம்42 என்ற திருகு மவுண்டுக்குரிய 14 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப் (வெற்றுக் குழல்) ஒன்றை லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் சேர்த்தால் மொத்தம் 24 மி.மீ. ஆகி, ஏறத்தாழ 1:2 அளவு கைகூடும். ட்யூபுக்குள் கண்ணாடி இல்லாததால் பிம்பத்தின் தரத்தை அது நேரடியாகக் கெடுப்பதில்லை, ஆனால் அது இருக்கும்வரை தொலைவுக் காட்சியை ஃபோகஸ் செய்ய முடியாது. எம்42 லென்ஸில் ஏ (தானியங்கி), எம் (கைமுறை) என்ற சுவிட்ச் இருந்தால் எம் பக்கம் தள்ளிவிடுங்கள். இல்லையேல், லென்ஸின் பின்புறமுள்ள சிறு ஊசியை அழுத்தும் அமைப்பு இல்லாத ட்யூபில் திறப்பு சுருங்காமல் முழுதாகத் திறந்தே இருக்கும்.

ஒளி குறைவதையும் மறக்கக் கூடாது. 1:2 அளவில் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் இழந்தால் ஒளி பாதியாகும்) சற்று மேலும், 1:1 அளவில் இரண்டு ஸ்டாப்பும் இழக்கிறோம். கேமராவின் ஒளி மீட்டர் லென்ஸ் வழியாக அளந்தால் இதைத் தானே சரிசெய்துவிடும். கைமீட்டர் வைத்திருப்பவர் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். தெளிவாகத் தெரியும் ஆழமோ 35 மி.மீ. ஃபிலிம் அளவில், 1:2 உருப்பெருக்கத்தில், எஃப் 8இல்கூட சுமார் 3 மி.மீ. மட்டுமே. எனவே வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காமல் வேண்டிய உருப்பெருக்கத்தில் அதை நிறுத்திவிட்டு, கேமராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு வரும் கணத்தில் எடுங்கள். 1:1ஐத் தாண்டும்போது, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தும் வளையத்தைப் பயன்படுத்தினால் பிம்பம் பெரும்பாலும் மேம்படும்.

வாங்கும்போது "மேக்ரோ" என்ற பொறிப்பை நம்பிவிடாதீர்கள்; பல பழைய ஸூம் லென்ஸ்களில் அந்தச் சொல் 1:4 அளவையே குறித்தது. வளையத்தைத் தொலைவுக் குறியிலிருந்து நெருக்க முனை வரை முழுமையாகச் சுழற்றிப் பாருங்கள். நெருக்க முனையில் குழல் ஆடினாலோ, நடுவில் இறுகினாலோ, ஹெலிகாய்டின் கிரீஸ் காய்ந்திருக்கிறது அல்லது திருகுபுரி தேய்ந்திருக்கிறது. திறப்பைச் சுருக்கும் அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால், சுத்தம் செய்வதற்கான கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.