பழைய மரப் பாய்ப்படகைச் சீரமைக்கும்போது செய்யக் கூடாதவை

பழுதைத் தேடும் முன், படகு கரையில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். எடை முழுவதையும் அடியில் ஓடும் ஏராக்கட்டை தாங்க வேண்டும். பக்க முட்டுகள் சாயாமல் பிடிக்க மட்டுமே. முட்டில் எடை இறங்கினால் பலகை உள்வாங்கும். இரு முனைகளுக்கும் தாங்கல் இல்லாவிட்டால் அவை தொங்கி நடு மேடாகும். அந்தக் கோணலோடு புதுப் பலகை அடித்தால், கோணலே நிலைத்துவிடும். பலகைகளை வரிசையாகக் கழற்றுவதும் வடிவத்தைக் கெடுக்கும். ஒன்று விட்டு ஒன்றாக, இரு பக்கமும் சமமாகக் கழற்றுங்கள்.

காய்ந்த படகில் பலகைகளுக்கு இடையே உள்ள இடுக்குகள் விரிந்து வெளிச்சம் தெரியும். அதை எபாக்சி என்னும் இறுகிப்போகும் பசை வைத்து அடைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறி அகலத்தில் உப்பும். உப்ப இடமில்லையென்றால் விளிம்பு நசுங்கும், ஸ்க்ரூ பிடுங்கும், உள்ளே விலா எலும்பாக நிற்கும் வங்கு வெடிக்கும். இடுக்கை அடைக்கும் பஞ்சுத் திரியைக் கொட்டாப்புளியால் மிஞ்சி இறுக்கினாலும் இதே கதிதான். இடுக்கு உட்பக்கம் மரத்தோடு மரம் ஒட்டியும் வெளிப்பக்கம் சற்று விரிந்தும் இருக்க வேண்டும். 1 அங்குலப் பலகைக்கு 1/16 அங்குல விரிவு போதும். திரி அடித்து, ப்ரைமர் பூசி, இளக்கமான மக்கு வையுங்கள். மக்கு பலகை மட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே நிற்கட்டும். மரம் ஊறும்போது பிதுங்கி வரும்.

வெளியே ஃபைபர்கிளாஸ் போர்த்துவது இந்தத் தவறின் தம்பி. உட்பக்கமாக ஈரம் ஏறும், பலகை அசையும், போர்வை பிரியும். மரம் உள்ளே உளுத்துப்போவது வெளியே தெரியாது.

நீர்மட்டத்துக்குக் கீழே பித்தளை ஸ்க்ரூ வேண்டாம். கடல்நீரில் துத்தநாகம் கரைந்து, இளஞ்சிவப்பாகி, திருப்பினாலே முறியும். ஸ்டெயின்லெஸும் காற்றுப் புகாத ஈர மரத்துக்குள் குழிகுழியாக அரிக்கும். சிலிக்கான் வெண்கலமே நம்பகமானது. ஏராக்கட்டையையும் அதன் அடியில் தொங்கும் உலோக எடைக்கட்டியையும் பிணைக்கும் ஏரா போல்ட்டின் தலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டையும் எடைக்கட்டியும் சேரும் இடத்தில்தான் அது மெலியும். ஒன்றிரண்டைக் கழற்றியே பார்க்க வேண்டும்.

மரத்தை உளுக்க வைப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, மேல்தளத்திலிருந்து கசியும் மழைநீர். எனவே மரம் மெத்தென்று இருக்கிறதா என்று குத்திப் பார்க்கக் குத்தூசியோடு முதலில் தளத்து ஓரத்தின் அடிப்பகுதிக்கும் பின்பலகை மூலைகளுக்கும் போங்கள்.

இறக்கும் நாளில் படகை, தூக்கி இறக்கும் வார்ப்பட்டையிலேயே ஓரிரு நாள் மிதக்க விட்டு, பம்பைத் தயாராக வையுங்கள். முதலில் தண்ணீர் வரத்தான் செய்யும். அதைக் கண்டு உடனே தூக்கி மறுபடி திரி அடிக்காதீர்கள். மரம் ஊறிய பிறகும் வரத்து குறையாத இடுக்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.